லக் வச்ச ஸ்டீல் சைக்கிள் ஃப்ரேம் கட்டிக்க யார்கிட்ட போறது? தேடி அலைஞ்சவனோட ரிவ்யூ

ட்யூப்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர பாத்து ஃப்ரேம் கட்டுற பில்டர முடிவு பண்ணாதீங்க, லக்கோட அழக பாத்தும் பண்ணாதீங்க. லக் ஃப்ரேம் கட்டிக்கணும்னு கெளம்புறவங்க எல்லாரும் ரெனால்ட்ஸ் 531ஆ, 853ஆ, கொலம்பஸானு பைப்போட பேர வச்சு தான் பேச்ச ஆரம்பிக்கிறாங்க, அது கடைசியா கேக்க வேண்டிய கேள்வி. உங்களுக்கு எந்த மாதிரி வண்டி வேணுமோ அத அந்த ஆள் ஏற்கனவே, உங்க சைஸ்ல, கட்டி குடுத்திருக்காரா? இதுக்கு ஆமான்னு பதில் வரலன்னா அவர் எவ்ளோ பெரிய கைகாரரா இருந்தாலும் நமக்கு சரிப்பட்டு வராது. நான் இருக்கிறது நாட்டிங்ஹாம், உயரம் 5 அடி 4 அங்குலம், மட்கார்டு லைட்டு கேரியர் எல்லாம் மாட்டி மழையிலயும் வருஷம் பூரா ஓட்டுற மாதிரி ஒரு வண்டி வேணும்னு தேடி, ஒருவழியா கட்டி வாங்கி ஒரு குளிர்காலமும் ஓட்டியாச்சு. இதுல தேடுன கதை தான் பெருசு, வண்டி பத்தி கடைசில கொஞ்சமா வரும்.

லக்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: ஊர்ல ஓடுற கருப்பு ஹெர்குலிஸ், அட்லஸ் வண்டில ஹேண்டில்பாருக்கு கீழ பைப்புங்க வந்து சேர்ற எடத்துல ஒரு உறை மாதிரி இருக்கும்ல, அது தான். பைப்போட முனைய மீன்வாய் மாதிரி வளைச்சு வெட்டி உறைக்குள்ள சொருகி, சூடு ஏத்தி, பித்தளையோ வெள்ளி கலவையோ உருக்கி விட்டா அது இடுக்குக்குள்ள தானா ஓடி புடிச்சுக்கும். பைப் உருகாது, நடுவுல போற ஒட்டு மட்டும் தான் உருகும். நகை ஆசாரி வெங்காரம் தடவி பத்தாசு வச்சு ஊதுறாரே, அதே வேல தான், சைஸ் தான் பெருசு. இங்க பில்டருங்க பித்தளை ஒட்டுக்கு தடவுற ஃப்ளக்ஸ்லயும் அதே வெங்காரம் தான் முக்கியமா இருக்கும்.

இதுல நம்ம ஊருக்கும் ஒரு ஒட்டு இருக்கு, நெறைய பேருக்கு தெரியாது. 1949ல முருகப்பா குடும்பம் இங்கிலாந்து ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியோட சேந்து தான் டிஐ சைக்கிள்ஸ ஆரம்பிச்சாங்க, அம்பத்தூர் ஃபேக்டரி. அந்த ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கைல தான் அப்போ பர்மிங்ஹாம் ரெனால்ட்ஸ் ட்யூப் கம்பெனியும் இருந்துச்சு, 1960ல எங்க நாட்டிங்ஹாம் ராலே சைக்கிள் கம்பெனியும் அவங்க கைக்கு போச்சு. அதாவது டூர் டி பிரான்ஸ் ஓட்டுறவன் வண்டில இருந்த 531 பைப்பும், நம்ம தாத்தா நெல்லு மூட்ட ஏத்திட்டு போன ஹெர்குலிஸும் ஒரு வகையில பங்காளிங்க. ரெண்டுமே லக் ஃப்ரேம் வேற. ஊர் வண்டில அது கனமான தகட அமுக்கி செஞ்ச லக், ஃபேக்டரில மொத்தமா ஒட்டுவாங்க, இங்க ஒருத்தர் அரம் புடிச்சு ஓரத்த மெலிசாக்கி ஒவ்வொண்ணா ஒட்டுறாரு, வித்தியாசம் அவ்ளோ தான்.

சரி இதுக்கு ஏன் இவ்ளோ காசு. நேர்மையா சொல்லணும்னா லக் இல்லாம பைப்பயே உருக்கி ஒட்டுற ஒரு நல்ல டிக் வெல்டிங் ஃப்ரேம விட லக் ஃப்ரேம் வேகமாவும் போகாது, லேசாவும் இருக்காது, ஒழுங்கா செஞ்சா ரெண்டும் ஒடையாது. லக்குக்கு உண்மையிலயே ரெண்டு லாபம் தான் எனக்கு தெரிஞ்சு. ஒண்ணு, ஒரு பைப் நசுங்கினாலோ துருப்புடிச்சாலோ சூடு பண்ணி அந்த பைப்ப மட்டும் கழட்டி வேற போடலாம், 40 வருஷ ஃப்ரேமுக்கு இன்னைக்கும் இங்க அப்படி செஞ்சு குடுக்குறாங்க. இன்னொண்ணு அழகு. அழகுக்கு காசு குடுக்க மனசு வரலன்னா இங்கயே நிறுத்திடுங்க, தப்பே இல்ல, அந்த காசுக்கு ரொம்ப நல்ல வெல்டிங் ஃப்ரேம் வாங்கி மீதிக்கு நல்ல வீலும் வாங்கலாம்.

ஸ்டிக்கர் விஷயத்த சட்டுனு முடிச்சிடறேன். ரெனால்ட்ஸ் 531 வந்தது 1935ல, மாங்கனீஸ் மாலிப்டினம் ஸ்டீல், 40, 50 வருஷம் அதுதான் ராஜா. 1976ல 753 வந்துச்சு, அது சூட்டுல பதப்படுத்தின மெல்லிசு பைப், கொஞ்சம் அதிகமா சூடு காட்டினாலே கெட்டுடும், அதனால ரெனால்ட்ஸ்காரங்க டெஸ்ட் பீஸ் ஒட்டி அனுப்ப சொல்லி அதுல பாஸான பில்டருங்களுக்கு மட்டும் தான் பைப்பே குடுத்தாங்க. அப்புறம் 90கள்ல 853, இது சூடாகி ஆறும்போது ஒட்டு பக்கத்துல இன்னும் பலமாகும், ஆனா அந்த குணத்தோட முழு லாபம் டிக் வெல்டிங்குக்கு தான், லக்ல ஒட்டுறவனுக்கு அது பெரிய விஷயம் இல்ல. எல்லாத்துக்கும் மேல ஒண்ணு, ஸ்டீல் எந்த ஸ்டீலா இருந்தாலும் அதோட விறைப்பு கிட்டத்தட்ட ஒண்ணு தான். பலம் மாறும், விறைப்பு மாறாது. பலம் ஜாஸ்தியா இருந்தா பைப்ப இன்னும் மெல்லிசா இழுக்கலாம், எடை கொறையும், அவ்ளோ தான். வண்டி எப்படி ஓடும்னு முடிவு பண்றது பைப்போட விட்டமும் சுவர் கனமும். அதனால "853 இருக்கா"ன்னு கேக்காம "என் எடைக்கும் லக்கேஜுக்கும் எந்த விட்டம் எந்த கனம் போடுவீங்க, ஏன்"னு கேளுங்க, பதில் சொல்ற விதத்துலயே ஆள் யாருன்னு தெரிஞ்சிடும்.

பித்தளையா வெள்ளியான்னு இன்னொரு சண்டை ஓடும். பித்தளை உருக 900 டிகிரி பக்கம் போகணும், வெள்ளி கலவை 650 பக்கம் போதும். வெள்ளில பைப்புக்கு சூடு கம்மி, நெளியறது கம்மி, ஆனா லக்குக்கும் பைப்புக்கும் நடுவுல இடுக்கு சீரா ஒரு 0.1 மிமீ அளவுல இருக்கணும், கொஞ்சம் லூசா இருந்தாலும் வெள்ளி நெரப்பாது. பித்தளை கொஞ்சம் பெரிய இடுக்கையும் மன்னிச்சிடும். பழைய இங்கிலீஷ் பட்டறைங்கள்ல பித்தளை தான், டெர்பில மெர்சியன்னு ஒரு பழைய ஃப்ரேம் பட்டறை, அவங்க டார்ச்சுக்கு பதிலா திறந்த கேஸ் அடுப்புல வச்சு மூட்டு முழுசயும் ஒரே சீரா சூடு பண்ணி ஒட்டுற பழைய முறைக்கு பேர் போனவங்க. ரெண்டு வழிலயும் கெட்ட ஃப்ரேமும் வரும் நல்ல ஃப்ரேமும் வரும், இத மத சண்டை மாதிரி ஆக்க வேண்டியதில்ல. பில்டர் எதுல கை பழகியிருக்காரோ அதுலயே செய்யட்டும், "எனக்கு வெள்ளில தான் வேணும்"னு பித்தளைக்காரர்கிட்ட போய் அடம் புடிக்கிறது நமக்கு தான் நஷ்டம்.

இப்ப தான் முக்கியமான எடத்துக்கு வரேன். லக் ஃப்ரேம்ல ஜியோமெட்ரி, அதாவது பைப்புங்களோட கோணமும் நீளமும், முழுக்க உங்க இஷ்டம் கிடையாது. டிக் வெல்டிங்லயோ லக் இல்லாம பித்தளைய குவிச்சு ஒட்டுற முறையிலயோ பைப்ப எந்த கோணத்துல வேணா வச்சு ஒட்டலாம். லக் அப்படி இல்ல, அதுக்குன்னு ஒரு கோணம் இருக்கு, ஒரு பைப் சைஸ் இருக்கு. பழைய தகட்டு லக்க, ஃபிரான்ஸ் நெர்வெக்ஸ் மாதிரி, கொஞ்சம் தட்டி வளைக்கலாம். இப்ப வர்ற வார்ப்பு லக்குங்க அளவு சுத்தமா இருக்கும், ஆனா ஒண்ணு ரெண்டு டிகிரிக்கு மேல அசையாது. சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவுல போற மேல் பைப், அதான் பார், சாய்வா வேணும்னா அந்த சாய்வுக்குன்னே செஞ்ச லக் வேணும். தடிமனான பைப் வேணும்னா அந்த தடிமனுக்கு லக் வேணும். ஹேண்டில் திரும்புற பேரிங், அதாவது ஹெட்செட், 1 அங்குலமா 1.125 அங்குலமாங்கிறது கூட லக்கு தான் முடிவு பண்ணும். ஆக பில்டரோட டிராயர்ல எந்த லக் கெடக்கோ அதுதான் உங்க வண்டியோட எல்லை. இத எந்த பில்டரும் மொத ஈமெயில்ல சொல்றதில்ல, நாமளா தான் கேக்கணும்.

உயரமானவங்களுக்கு இது பெரிய பிரச்சன இல்ல. என்ன மாதிரி 5 அடி 4 ஆளுங்களுக்கு தான் தலைவலி. ரோடு வண்டிக்கு வழக்கமா போடுற பெரிய 700சி வீல போட்டு, பார் மட்டமா வச்சு, சின்ன ஃப்ரேம் வரைஞ்சா ஹேண்டில் தண்டு போற முன் பைப், அதாவது ஹெட் ட்யூப், 10 செமீக்கும் கீழ போயிடும், அப்ப மேல் லக்கும் கீழ் லக்கும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு நிக்கும், அவ்ளோ காசு குடுத்து ராவின லக்கோட கூர்முனைங்க எல்லாம் நசுங்கின மாதிரி தெரியும். பாக்க அசிங்கங்கிறத விட பெரிய விஷயம், பெடல் முன்னாடி இருக்கும்போது ஹேண்டில திருப்பினா ஷூ முனை மட்கார்டுல இடிக்கும். மெதுவா ட்ராஃபிக்ல வளையும்போது தான் இது நடக்கும், அப்ப தான் விழவும் செய்வோம்.

அதனால இத ஒரு டெஸ்ட் கேள்வியாவே வச்சுக்கிட்டேன். கண்ணுல பட்ட எல்லா பில்டர்கிட்டயும் என் அளவ குடுத்து, 38 மிமீ டயர், மட்கார்டு, கால் இடிக்க கூடாது, நீங்க என்ன செய்வீங்கன்னு மட்டும் கேட்டேன். இந்த ஒரு கேள்வி எனக்கு மிச்சப்படுத்தின நேரம் கொஞ்ச நஞ்சமில்ல. ஒருத்தர் "700சி தாராளமா போடலாம், இடிக்கிறதெல்லாம் பழகிடும்"னு எழுதினாரு. இன்னொரு எடத்துல பார் நீளம் 51 செமீனு காட்டி ஒரு படம் அனுப்பினாங்க, பாத்தா சீட் ட்யூபோட சாய்வ 75.5 டிகிரிக்கு நிமித்தி வச்சிருக்காங்க. இது ஒரு பழைய தந்திரம். சீட் ட்யூப நிமித்தினா அளவுப்பட்டில பார் சின்னதா தெரியும், ஆனா நாம உக்கார வேண்டிய எடம் மாறுமா? சீட்ட பின்னாடி தள்ளி தான் உக்காருவோம், ஒரு டிகிரிக்கு கிட்டத்தட்ட ஒரு செமீ, அப்ப கை நீட்ட வேண்டிய தூரம் பழைய மாதிரியே தான், அதோட சீட் தண்டவாளத்துல அதுக்கு மேல பின்னாடி தள்ள எடமும் இருக்காது. சின்ன உருவத்துக்கு ஃப்ரேம் வாங்குறவங்க, முக்கியமா பொண்ணுங்களுக்கு வாங்குறவங்க, இத நல்லா பாத்துக்கோங்க, கடைல விக்கிற நெறைய சின்ன சைஸ் வண்டில இதே வேல தான் நடக்குது.

சரியான பதில் கொஞ்சம் சின்னதான 650பி வீல். ரிம் விட்டம் 622க்கு பதிலா 584 மிமீ, ஆரம்னு பாத்தா 19 மிமீ கொறையுது, அதுலயே ஹெட் ட்யூப் வளர்றதுக்கு எடம் கெடைக்கும், காலுக்கும் எடம் கெடைக்கும். இத நான் சொல்றதுக்கு முன்னாடி தானா சொன்னவங்க லிஸ்ட்ல மிஞ்சினாங்க, அவ்ளோ தான் என் வடிகட்டல்.

அதுக்கு முன்னாடி பெரிய பேருங்க பக்கமும் ஒரு சுத்து சுத்தினேன், அத சொல்லாம விட்டா ரிவ்யூ ஆகாது. மெர்சியன் எனக்கு பக்கத்து ஊரு, 1946ல டாம் க்ரௌதரும் லூ பார்க்கரும் சேந்து ஆரம்பிச்சது. கிங் ஆஃப் மெர்சியா, அப்புறம் கையால வெட்டின பூவேல லக்கோட வின்சிடோரேனு மாடலுங்க, பெயிண்ட்ல பார்பர் கம்பம் மாதிரி கோடு சுத்துறது எல்லாம் அவங்க அடையாளம். 2024 மே மாசம் கடைய மூடிட்டாங்கன்னு செய்தி வந்து இங்க சைக்கிள்காரங்க பாதி பேருக்கு துக்க வீடு மாதிரி ஆயிடுச்சு, அப்புறம் உள்ளூர்காரங்க சில பேர் வாங்கி அதே வருஷம் திரும்ப ஓட வச்சிட்டாங்க. ஒரு பாரம்பரிய இங்கிலீஷ் கிளப் வண்டி, 700சி, சராசரி உயரம்னா கண்ண மூடிட்டு அங்க போகலாம்னு தான் சொல்வேன், ஏன்னா அந்த வண்டிய அவங்க தலைமுறை தலைமுறையா கட்டுறாங்க. நான் போகாததுக்கு அவங்க கொறை காரணமில்ல. எனக்கு வேண்டியது கொஞ்சம் ஏறுமாறான சின்ன வண்டி, அதுக்கு டார்ச் புடிக்கிற ஆள்கிட்டயே நேரா உக்காந்து பேசணும்னு தோணுச்சு.

இத்தாலி பக்கம் சினெல்லி சூப்பர்கோர்சா, கொல்னாகோ மாஸ்டர் ரெண்டும் இன்னும் லக்ல வருது. மாஸ்டரோட பைப் பள்ளம் பள்ளமா நட்சத்திர வடிவுல இருக்கும், பாத்துக்கிட்டே இருக்கலாம். ஆனா அது ரேஸ் வண்டி, மட்கார்டுக்கும் அகல டயருக்கும் எடமே கெடையாது. அத வாங்கி "கேரியர் மாட்டணும் ஒரு கண்ணி வச்சு தாங்க"னு கேக்குறது நமக்கும் மரியாத இல்ல அந்த வண்டிக்கும் மரியாத இல்ல.

ஜப்பான் தான் என்ன ரொம்ப நாள் கட்டிப்போட்டுச்சு. அங்க கெய்ரின்னு சைக்கிள் ரேஸ், குதிர ரேஸ் மாதிரி ஜனங்க பணம் கட்டுற ஆட்டம், 1948ல இருந்து நடக்குது. பணம் கட்டுற ஆட்டம்ங்கிறதால எல்லாருக்கும் வண்டி ஒரே தரத்துல இருக்கணும், அதனால ஆம்பளைங்க ரேஸ்ல என்ஜேஎஸ்ங்கிற தர முத்திரை வாங்கின பார்ட்ஸும் அனுமதி வாங்கின பில்டர் கட்டின ஸ்டீல் ஃப்ரேமும் தான் செல்லும். உலகம் பூரா கார்பனுக்கு ஓடினப்போ அங்க லக் பில்டருங்க பட்டறை அணையாம இருந்ததுக்கு இந்த சூதாட்ட விதி தான் காரணம், இது எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம். நாகசவான்னு ஒருத்தர், இளவயசுல இத்தாலி போய் பொலியாகி கிட்டயும் டி ரோசா கிட்டயும் வேல பாத்துட்டு வந்தவரு, அவர் கட்டின வண்டில கொய்ச்சி நகானோ 1977ல இருந்து 1986 வரைக்கும் தொடர்ந்து 10 தடவ உலக ஸ்பிரிண்ட் பட்டம் அடிச்சாரு. ஆனா என்ஜேஎஸ் ஃப்ரேம் ட்ராக் வண்டி. பிரேக் மாட்ட ஓட்டையே இருக்காது, டயருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல விரல் போகாது. ரோட்டுல பந்தாவுக்கு ஓட்டலாம், என் மழை வண்டிக்கு ஆகாது. அதே ஜப்பான்ல தோய்னு ஒரு பழைய பட்டறை டூரிங் வண்டிக்கு பேர் போனது, பிரான்ஸ்ல பாரிஸ் பக்கத்துல லெவலுவால 1938ல இருந்து இருக்கிற அலெக்ஸ் சிங்கர் மாதிரி கேரியர், லைட்டு, மட்கார்டு எல்லாத்தையும் ஃப்ரேமோட சேத்தே யோசிச்சு கட்டுறவங்க. மனசு அங்க தான் போச்சு, ஆனா நேர்ல போய் அளவு குடுத்து பேசணும், பாஷையும் வேணும், எனக்கு ரெண்டும் ஆகல.

அமெரிக்கால ரிச்சர்ட் சாக்ஸ் பேர் கேள்விப்பட்டிருப்பீங்க, ஒத்த ஆளா வருஷக்கணக்குல வெயிட்டிங் லிஸ்ட் வச்சிருந்தவரு. அவர் தொழில் கத்துக்கிட்டது 1972ல லண்டன் டெப்ட்ஃபோர்ட்ல விட்கோம்ங்கிற சின்ன பட்டறைல, பீட்டர் வெய்கிள்னு இன்னொரு அமெரிக்க பில்டரும் அங்க தான் கத்துக்கிட்டாரு. இன்னொரு பக்கம் கலிஃபோர்னியால கிராண்ட் பீட்டர்சன் 1994ல ஆரம்பிச்ச ரிவெண்டெல். அவங்களே டிசைன் பண்ணின லக்கு, தைவான்ல கட்டி வருது, அளவுக்கு கட்டி தர மாட்டாங்க ஆனா சின்ன சைஸுங்கள சின்ன வீல் போட்டு ஒழுங்கா யோசிச்சிருப்பாங்க. இங்கிலாந்துக்கு வரவழைச்சா ஷிப்பிங், டியூட்டி, அதுக்கு மேல 20 சதவீதம் வாட், கணக்கு போட்டு பாத்துட்டு மூடி வச்சிட்டேன். இங்க இந்த வரி இல்லன்னா அதுலயே முடிச்சிருப்பேன்னு கூட தோணுது. விஸ்கான்சின்ல வாட்டர்ஃபோர்ட்னு ஒண்ணு இருந்துச்சு, ஷ்வின் கம்பெனியோட பழைய பாரமவுண்ட் வண்டிய கட்டின எடம், 2023ல மூடிட்டாங்க.

கடைசியா நான் போனது வடக்க ஒரு ஒத்த ஆள் பட்டறைக்கு. பேர் எழுதல, அவருக்கு இருக்கிற லிஸ்டே போதும்னு அவரே சொல்லிட்டாரு. போன உடனே நான் கேட்டது பெயிண்ட் அடிக்காத ஃப்ரேம் ஏதாவது இருந்தா காட்டுங்கன்னு. நீங்களும் இதயே கேளுங்க, பெயிண்ட் எல்லாத்தையும் மறச்சிடும். பெடல் அச்சு போற குழாய்க்குள்ள, அதாவது பிபி ஷெல்லுக்குள்ள, டார்ச் அடிச்சு பாருங்க. பைப் முனைங்க ஒண்ணோட ஒண்ணு பொருந்துற மாதிரி வளைச்சு வெட்டியிருக்கா இல்ல நேரா அறுத்து சொருகியிருக்கான்னு அங்க தெரிஞ்சிடும், வெளிய இருந்து ஊட்டின பித்தளை உள்ள வரைக்கும் ஓடி வந்திருக்கான்னும் தெரியும். லக்கோட ஓரத்துல ஒரு மெல்லிசு கோடு விட்டுப்போகாம சுத்தி வரணும். அப்புறம் லக்க ஒட்டின பைப் மேல அரம் பட்ட கீறல் இருக்கான்னு பாருங்க, பைப் சுவரே 0.8 மிமீ தான், அங்க ஆழமா ஒரு கோடு விழுந்தா நாளைக்கு வெடிப்பு ஆரம்பிக்கிறது அந்த எடத்துல தான். இவர் ஃப்ரேம்ல லக் ஓரம் பிரமாதம்னு சொல்ல மாட்டேன், ஆடம்பரம் இல்லாத சாதா லக்கு, ஆனா ஷெல்லுக்குள்ள பாத்தப்போ வேல அவ்ளோ சுத்தம். வெளிய மினுக்கி உள்ள கோட்ட விட்ட ஃப்ரேமும் வேற ஒரு எடத்துல பாத்தேன்.

ரெண்டாவது, அவர் எனக்கு முடியாதுன்னு சொன்ன விஷயங்க. முன்னாடி டிஸ்க் பிரேக் கேட்டேன். போடலாம், ஆனா டிஸ்க் இழுக்குற இழுப்புக்கு ஃபோர்க் கால கனமா போடணும், அப்ப நீங்க எத பாத்து ஆசப்பட்டு வந்தீங்களோ அந்த மெல்லிசா வளைஞ்ச ஃபோர்க் இருக்காது, அதுக்கு பேசாம வேற மாதிரி வண்டி வாங்குங்கன்னுட்டாரு. சாதா காலிப்பர் பிரேக்ல நீளமான கை வச்சதுக்கே பெரும்பாலும் 57 மிமீ தான் எட்டும், அதுல மட்கார்டோட 38 மிமீ டயர் நுழையாது, அதனால ஃப்ரேம்லயும் ஃபோர்க்லயும் ஒட்டின குமிழ்ல மாட்டுற கான்டிலீவர் பிரேக்னு முடிவாச்சு. அதுலயும் ஒரு விஷயம் சொன்னாரு, கான்டிலீவர் குமிழ ஒட்டிட்டா அது அந்த வீல் சைஸுக்கு மட்டும் தான், பின்னாடி 700சிக்கு மாத்தலாம்னு கனவு காணாதீங்கன்னு. இத எழுதி கையெழுத்தே வாங்கினாரு. எனக்கு இந்த ஆள புடிச்சதே அங்க தான்.

அளவு எடுக்க பெரிய மெஷின் எல்லாம் இல்ல, நான் ஓட்டிட்டு போன பழைய வண்டிய அளந்தாரு, நான் ஓட்டுறத ரோட்டுல நின்னு பாத்தாரு, எங்க வலிக்குதுன்னு கேட்டாரு. அப்புறம் ஒரு வரைபடம் அனுப்பினாரு. வரைபடம் தராத பில்டர்கிட்ட காசு குடுக்காதீங்க. அது வந்ததும் பார் நீளம் மட்டும் பாத்து ஓகே சொல்லாம, பிபில இருந்து முன் அச்சு வரைக்கும் எவ்ளோ, அதுல டயரும் மட்கார்டும் உங்க ஷூவும் போக மிச்சம் எவ்ளோ, காலூனி நிக்கும்போது பார் எங்க வருது, எல்லாத்தையும் நீங்களே ஸ்கேல் வச்சு கூட்டி பாருங்க. உலோகத்த வெட்டினதுக்கு அப்புறம் கேட்டு புண்ணியமில்ல.

காசு விஷயம். இங்க கையால கட்டின லக் ஃப்ரேமும் ஃபோர்க்கும் மட்டும் சாதாரணமா 2000 பவுண்டுக்கு மேல தான், பூவேல லக்கு, ரெண்டு கலர் பெயிண்ட், பெயிண்ட் கோடுன்னு போனா கூடிக்கிட்டே போகும். பாதி வரைக்கும் டெபாசிட் கேப்பாங்க, அப்புறம் மாசக்கணக்குல காத்திருக்கணும். நடுவுல கடை மூடினா? மெர்சியன், வாட்டர்ஃபோர்ட் மாதிரி பெரிய பேருக்கே அந்த நெலம வந்துச்சுங்கும்போது ஒத்த ஆள் பட்டறைல அவருக்கு முதுகு புடிச்சிக்கிட்டாலே வேல நின்னுடும். இங்கிலாந்துல இருக்கிறவங்க டெபாசிட்டுல கொஞ்சமாவது கிரெடிட் கார்டுல கட்டுங்க, டெபிட் கார்டு இல்ல, கிரெடிட் கார்டு. 1974 நுகர்வோர் கடன் சட்டத்துல 75வது பிரிவுனு ஒண்ணு இருக்கு, பொருளோட விலை 100 பவுண்டுக்கு மேல 30,000க்குள்ள இருந்தா, கார்டுல கொஞ்சம் தான் கட்டியிருந்தாலும் முழு தொகைக்கும் கார்டு கம்பெனியும் பொறுப்பு. சின்ன பில்டருங்க பேங்க் ட்ரான்ஸ்ஃபர் தான் கேப்பாங்க, கமிஷன் போகுதேன்னு அவங்க கஷ்டம் அவங்களுக்கு. அந்த கமிஷன நான் தரேன்னு சொன்னேன், ஒத்துக்கிட்டாரு.

சொன்ன மாசத்துக்கு வந்துச்சான்னா வரல. ஃப்ரேம் முடிஞ்சும் பெயிண்டர்கிட்ட போய் கெடந்துச்சு. நெறைய பில்டருங்க பெயிண்ட் வெளிய தான் குடுக்குறாங்க, அந்த க்யூ பில்டர் கைல இல்ல, அதனால ஆர்டர் போடும்போதே பெயிண்ட் யார், எவ்ளோ நாள்னு தனியா கேட்டு வச்சுக்கோங்க. பெயிண்ட் போடுறதுக்கு முன்னாடி வெறும் ஃப்ரேம ஃபோட்டோ எடுத்து அனுப்ப சொன்னேன், மூட்டுக்கு மூட்டு எடுத்து அனுப்பினாரு, அது ரொம்ப திருப்தி.

வண்டி எப்படி இருக்கு? கால் இடிக்கல. இதுதான் என் மொத மார்க். கை நீட்டாம உக்காந்து ஓட்ட முடியுது, கழுத்து வலி போச்சு. ஸ்டீல் ஃபீல், ஸ்டீலுக்கு உயிர் இருக்குன்னு எழுதுவாங்கல்ல, எனக்கு அப்படி ஒண்ணும் தெரியல, ரோடு அதிராம போறதுக்கு 38 மிமீ டயர்ல காத்து கம்மியா வச்சது தான் காரணம்னு நெனைக்கிறேன், அதே டயர வேற வண்டில போட்டாலும் பாதி சொகம் வந்திடும். எடை கனம் தான், மாடிக்கு தூக்கும்போது முனகுவேன். குளிர்காலத்துல ரோட்டுல உப்பு போடுற ஊர்ல இருக்கிறவங்க ஃப்ரேம் கைக்கு வந்த உடனே, பார்ட்ஸ் மாட்டுறதுக்கு முன்னாடி, பைப்புக்குள்ள துருவுக்கான மெழுகு ஸ்ப்ரே அடிச்சிடுங்க, ஸ்டீல் ஃப்ரேம் சாகுறது உள்ள இருந்து தான். பெயிண்ட் லக் ஓரத்துல ரெண்டு எடத்துல உதிர்ந்திருக்கு, அந்த கூரான ஓரத்துல பெயிண்ட் மெல்லிசா தான் நிக்கும், சின்ன பாட்டில்ல அதே கலர் வாங்கி வச்சிருக்கேன்.

இதெல்லாம் படிச்சிட்டு எனக்கும் ஒண்ணு கட்டணும்னு கெளம்புறவங்கள்ல பாதி பேருக்கு கஸ்டம் தேவையே இல்ல. 5 அடி 7ல இருந்து 6 அடிக்குள்ள சாதாரண உடம்புவாகுன்னா, இங்க பழைய 531 லக் ஃப்ரேம் 70, 80கள்ல கட்டினது எல்லா ஊர்லயும் செகண்ட் ஹேண்ட்ல கெடைக்கும், கஸ்டம் விலைல பத்துல ஒரு பங்குக்கே கூட வாங்கலாம். ஸ்டிக்கர நம்பாதீங்க, அத யார் வேணா வாங்கி ஒட்டலாம். சீட் போஸ்ட்ட கழட்டி அதுல அடிச்சிருக்கிற அளவ பாருங்க, 27.2 மிமீனு இருந்தா பெரும்பாலும் மெல்லிசு சுவர் வச்ச நல்ல பைப், 26 சொச்சம்னா கனமான சாதா பைப்பா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. பின் வீல் மாட்டுற எடத்தோட அகலம் 120ஓ 126 மிமீயோ இருக்கும், இப்ப வர்ற 130 வீல் வேணும்னா ஒரு பில்டர்கிட்ட குடுத்து அளவா விரிச்சுக்கலாம், ஸ்டீல்ங்கிறதால அது முடியும். பார் ட்யூபும் கீழ் ட்யூபும் ஹெட் லக்குக்கு பின்னாடி அடிப்பக்கம் விரல் வச்சு தடவி பாருங்க, சின்னதா ஒரு மேடு தட்டுப்பட்டா எங்கயோ நேரா போய் மோதின வண்டி. சீட் போஸ்ட் எவ்ளோ முறுக்கியும் அசையலன்னா, விக்கிறவர் "எண்ணெய் விட்டா வந்திடும்"னு சொல்லுவாரு, அவரயே விட்டு எடுத்து காட்ட சொல்லுங்க.